முட்டி ஏற்கனவே தேய்ஞ்சது, வேலையில அடியும் பட்டுடுச்சு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிசியோதெரபிஸ்ட். ஏணியில கால் வழுக்கினவங்க, மூட்டை தூக்கும்போது முட்டி திரும்பினவங்க, ஈரத் தரையில விழுந்தவங்கன்னு நிறைய பேரைப் பார்க்கிறேன், அதுல ஏற்கனவே மூட்டு தேய்மானம் இருக்கிறவங்க கேக்கிற சந்தேகம் எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணாவே இருக்கு. "உனக்குத்தான் தேய்மானம் இருக்கே, வலிக்கத்தான் செய்யும்"னு யாரோ சொல்லி அனுப்பிட்டதால புது அடியை யாருமே ஒழுங்கா பார்க்காம விட்டவங்களைப் பார்க்கும்போது மனசு ரொம்ப கஷ்டமா இருக்கும். அதனாலதான் அவங்க கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு இதை எழுதறேன். இது பொதுவான விளக்கம்தான், உங்க முட்டியைத் தொட்டுப் பார்த்த டாக்டர் வேற சொன்னா அவர் சொல்றதைக் கேளுங்க.

ஆர்த்ரைடிஸ்னா என்ன மேடம், தேய்மானமும் அதுவும் ஒண்ணா?

ஆர்த்ரைடிஸ்ங்கிறது பொதுப் பேர். தேய்மானம்னு நாம சொல்றது ஆஸ்டியோஆர்த்ரைடிஸ், ரொம்ப பேருக்கு இருக்கிறது அதுதான். உடம்போட எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்கற ருமட்டாய்டு, யூரிக் ஆசிட் கூடி வர்ற கவுட் எல்லாம் வேற வகை, அதை தனியா கீழே சொல்லியிருக்கேன்.

தேய்மானம்ங்கிற வார்த்தையைக் கேட்டதும் செருப்பு தேயற மாதிரி நடக்க நடக்க தீர்ந்து போயிடும்னு நினைச்சுக்கிறாங்க. எலும்பு முனையில இருக்கிற வழவழப்பான குருத்தெலும்பு, அதுக்கு அடியில இருக்கிற எலும்பு, நடுவுல மெத்தை மாதிரி இருக்கிற மெனிஸ்கஸ், மூட்டோட உள்சவ்வு, தொடை தசை எல்லாமே சேர்ந்து மாறுற நோய் அது. அப்படி மாறின மூட்டு அடியைத் தாங்கறது கம்மி, நல்ல முட்டின்னா ஒரு வாரத்துல ஆறிடற அடி இதுல பல வாரம் இழுக்கும். ஆனா ஆறும்.

இது பழைய வலியா, புது அடியான்னு நானே எப்படி கண்டுபிடிக்கிறது?

பழைய தேய்மான வலிக்குன்னு ஒரு பழக்கம் இருக்கும். காலையில எழுந்ததும் விறைப்பு, பெரும்பாலும் அரை மணிக்குள்ள விட்டுடும், ரொம்ப நேரம் நின்னா சாயங்காலம் வலி, படி இறங்கும்போது வலி. புது அடிக்கு தேதியும் நேரமும் இருக்கும், "செவ்வாய்க்கிழமை பெட்டியை இறக்கும்போது டப்புனு ஒரு சத்தம், அப்புறம் ஊன முடியலை"ன்னு சொல்வாங்க. வலிக்கிற இடமும் மாறியிருக்கும், முன்னாடி முட்டிச் சிப்பி கிட்ட வலிச்சது இப்போ உள்பக்கம் ஒரு விரல் வைக்கிற இடத்துல குத்தும், இல்லன்னா முட்டி மடங்கி விழப் பார்க்கும்.

வீக்கம் எப்போ வந்துச்சுன்னு கவனிங்க, இது ரொம்ப முக்கியம். அடி பட்டு ரெண்டு மணி நேரத்துக்குள்ள முட்டி பலூன் மாதிரி ஆயிடுச்சுன்னா உள்ள ரத்தம் கசிஞ்சிருக்க வாய்ப்பு அதிகம், எலும்பையும் எலும்பையும் கட்டிப் பிடிக்கிற லிகமெண்ட் கிழிஞ்சதோ எலும்பு உடைஞ்சதோ இருக்கலாம். மறுநாள் மெதுவா வீங்கினா மெனிஸ்கஸ் அடியோ, தேய்மான மூட்டு கோவிச்சுக்கிட்டதோ இருக்கலாம்.

இன்னைக்கே ஒரு பேப்பர் எடுத்து அடி படறதுக்கு முந்தின வாரம் உங்களால என்னென்ன முடிஞ்சுதுன்னு எழுதி வைங்க. எவ்ளோ நேரம் நின்னீங்க, எவ்ளோ தூரம் நடந்தீங்க, முட்டி போட முடிஞ்சுதா, குத்த வைச்சு உட்கார முடிஞ்சுதா, எவ்ளோ வெயிட் தூக்கினீங்க, வலி பத்துக்கு எத்தனை. இந்தப் பேப்பரைப் பத்தி கீழேயும் சொல்லுவேன், ஏன்னா சிகிச்சையோட முதல் இலக்கே உங்களை அந்த நிலைக்குத் திரும்பக் கொண்டு வர்றதுதான். இருபது வயசு முட்டியை யாராலும் தர முடியாது, போன வாரத்து முட்டியைத் திருப்பித் தர பெரும்பாலும் முடியும்.

உடனே ஹாஸ்பிடல் போகணுமா, ரெண்டு நாள் பார்த்துட்டு போகலாமா?

அடிபட்ட முட்டிக்கு எக்ஸ்ரே வேணுமான்னு முடிவு பண்ண டாக்டர்கள் ஒட்டாவா விதின்னு ஒண்ணு வச்சிருக்காங்க. வயசு 55 இல்ல அதுக்கு மேல, முட்டிச் சிப்பியில மட்டும் தொட்டா வலி, முட்டிக்கு வெளிப்பக்கம் கீழ துருத்திக்கிட்டு இருக்கிற எலும்புல தொட்டா வலி, 90 டிகிரி மடக்க முடியலை, அடி பட்ட உடனேயும் ஹாஸ்பிடல் வந்தப்பவும் நாலு அடி வைக்க முடியலை, இதுல ஒண்ணு இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்கணும். கவனிங்க, 55 ஆனவங்களுக்கு வயசு ஒண்ணே போதும், "பழைய தேய்மானம்"னு எக்ஸ்ரே எடுக்காம அனுப்பினா நீங்களே கேளுங்க.

அதே நாள் போயே ஆகணும்னா இதெல்லாம்: முட்டி பாதியில மாட்டிக்கிட்டு நீட்டவே முடியலை, பாதம் மரத்துப் போச்சு இல்ல ஜில்லுனு ஆயிடுச்சு, காலைத் தூக்கி நீட்டவே முடியலை, காய்ச்சலோட முட்டி சூடா செவந்து கொஞ்சம் அசைச்சாலும் உயிர் போகுது, கெண்டைக்கால் வீங்கி இறுகிப் போச்சு. காய்ச்சலோட சூடான முட்டின்னா மூட்டுக்குள்ள சீழ் பிடிச்சிருக்கலாம், அதுல ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு, காலையில பார்த்துக்கலாம்னு படுக்காதீங்க. கெண்டைக்கால் வீக்கத்தோட மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலிச்சாலோ ரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம், உடனே எமர்ஜென்சிதான்.

முதல் ரெண்டு நாள் ஐஸ் வைக்கணுமா, வெந்நீரா?

புதுசா வீங்கியிருக்கும்போது ஐஸ், துணியில சுத்தி 15 நிமிஷம் போல, ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை. நேரா தோல்ல வைக்காதீங்க, சுகர்னால காலுக்கு உணர்ச்சி கம்மியா இருக்கிறவங்க ரொம்ப ஜாக்கிரதை. லேசா கிரேப் பேண்டேஜ், உட்காரும்போது கால் தலகாணி மேல. வீக்கம் வடிஞ்சு விறைப்பு மட்டும் மிச்சம் இருக்கும்போது வெந்நீர் ஒத்தடம் சுகமா இருக்கும், அப்போ தாராளமா பண்ணுங்க. வீங்கின முட்டியை யாரையும் அழுத்தி நீவி விட மட்டும் விடாதீங்க.

டாக்டர் ரெஸ்ட் எடுக்கச் சொன்னார், எத்தனை நாள் படுத்தே இருக்கணும்?

எலும்பு உடையலை, முட்டி மாட்டிக்கிட்டு லாக் ஆகலைன்னா படுத்தே இருக்கிறது ரெண்டு நாளைக்கு மேல வேண்டாம். ரெஸ்ட்னா அடி பட வச்ச வேலைக்கு ரெஸ்ட், காலுக்கு முழு ரெஸ்ட்னு அர்த்தம் இல்ல.

முட்டிக்குள்ள நீர் கோர்த்தா தொடை முன்பக்க தசை தன்னால வேலையைக் குறைச்சுக்கும், மூட்டுல இருந்து போற நரம்பு சிக்னல் அதை அமுக்கிடும். நீங்க பலம் கொடுக்கணும்னு நினைச்சாலும் தசை கேக்காது. தேய்மானம் இருக்கிறவங்களுக்கு அந்தத் தசை முன்னாடியே சோர்ந்துதான் இருக்கும், அது மேல ரெண்டு வாரம் படுத்துட்டா தசை சட்டுனு மெலிஞ்சிடும், அப்புறம் அடி ஆறினாலும் முட்டி ஆடும், வலிக்கும். அதனால முதல் நாள்ல இருந்தே படுத்தபடி காலை நீட்டி முட்டிக்குக் கீழ சின்ன துண்டைச் சுருட்டி வச்சு, அதை அமுக்கற மாதிரி தொடையை இறுக்கி அஞ்சு செகண்ட் பிடிச்சு விடுங்க, பத்துத் தடவை, ஒரு நாள்ல பல வேளை. குதிகாலை மெத்தையில தேய்ச்சபடி மெதுவா மடக்கி நீட்டுங்க. இவ்ளோதான், ஆனா இதுதான் பின்னாடி காப்பாத்தும்.

எக்ஸ்ரேல ஒண்ணும் இல்ல, தேய்மானம்தான்னுட்டாங்க, ஆனா கால் ஊன முடியலையே?

எக்ஸ்ரேல எலும்பு தெரியும், மெனிஸ்கஸும் லிகமெண்டும் தெரியாது. ரிப்போர்ட்ல கிரேடு 2, கிரேடு 3ன்னு போட்டிருப்பாங்க, அது 1957ல கெல்கிரென், லாரன்ஸ்னு ரெண்டு பேர் கொண்டு வந்த 0ல இருந்து 4 வரைக்குமான அளவு. அந்த நம்பர் பழைய தேய்மானத்தைச் சொல்லும், போன வாரம் பட்ட அடியைப் பத்தி அதுக்கு ஒண்ணும் தெரியாது. கிரேடு 4ல வேலை பார்க்கிறவங்களும் இருக்காங்க, கிரேடு 2ல நடக்க முடியாதவங்களும் இருக்காங்க.

ஒண்ணை மட்டும் அடிச்சுச் சொல்றேன், ஐம்பது வயசுக்கு மேல திடீர்னு வந்து, ராத்திரியிலயும் விடாம, கால் ஊனினா குத்தற வலின்னா குருத்தெலும்புக்கு அடியில இருக்கிற எலும்புல மெல்லிசா விரிசல் விட்டிருக்கலாம். ஆரம்பத்துல இது எக்ஸ்ரேல தெரியவே தெரியாது, எம்ஆர்ஐல தெரியும். இதுக்கு சில வாரம் குச்சியோ வாக்கரோ வச்சு அந்தக் கால்ல பாரத்தைக் குறைக்கணும், தெரியாம நடந்துக்கிட்டே இருந்தா எலும்பு உள்ள அமுங்கிப் போகக்கூடும். ஒரு வாரம் பத்து நாள் ஆகியும் ஊன முடியலைன்னா எம்ஆர்ஐ பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க.

எம்ஆர்ஐல ஜவ்வு கிழிஞ்சிருக்குன்னு வந்திருக்கு, ஆபரேஷன் பண்ணாம சரியாகுமா?

முதல்ல எந்த ஜவ்வுன்னு பாருங்க. லிகமெண்டையும் ஜவ்வுங்கறோம், மெனிஸ்கஸையும் ஜவ்வுங்கறோம், ரெண்டும் வேற. தேய்மான முட்டில பெரும்பாலும் மெனிஸ்கஸ் கிழிசல்தான் வரும், அந்தக் கிழிசல் அடி படறதுக்கு முன்னாடியே இருந்திருக்கவும் நல்ல வாய்ப்பு இருக்கு. 2008ல அமெரிக்காவுல 50ல இருந்து 90 வயசுக்குள்ள 991 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தாங்க, மெனிஸ்கஸ் கிழிஞ்சிருந்தவங்கள்ல 61 சதவீதம் பேருக்கு முந்தின ஒரு மாசத்துல முட்டில வலியும் இல்ல விறைப்பும் இல்ல. கிழிசல் தெரியறதும், வலிக்கு அதுதான் காரணம்ங்கிறதும் தனித்தனி விஷயம்.

2013ல வந்த மீட்டியோர்ங்கிற ஆய்வு கிட்டத்தட்ட உங்க நிலைமையில இருக்கிறவங்களை வச்சே பண்ணது, 45 வயசுக்கு மேல, மெனிஸ்கஸ் கிழிசலும் தேய்மானமும் சேர்ந்து இருக்கிற 351 பேர். பாதிப் பேரை சின்ன ஓட்டை போட்டு கேமரா விட்டுப் பண்ற ஆர்த்ராஸ்கோபி ஆபரேஷனும் பிசியோவும் சேர்ந்த பக்கம் போட்டாங்க, பாதிப் பேரை பிசியோ மட்டும். ஆறு மாசத்துல ரெண்டு பக்கமும் நடமாட்டம் ஏறக்குறைய ஒரே அளவுக்கு முன்னேறிடுச்சு. ஆனா பிசியோ பக்கம் இருந்தவங்கள்ல 30 சதவீதம் பேர் அதுக்குள்ள ஆபரேஷனுக்கு மாறிட்டாங்க, அதையும் மறைக்காம சொல்லணும். என் கருத்து, லாக் ஆகாத முட்டின்னா மூணு மாசம் ஒழுங்கா பிசியோ பண்ணிட்டு அப்புறம் யோசிங்க, ஆபரேஷன் எங்கயும் ஓடிப் போகாது, வெட்டி எடுத்த மெனிஸ்கஸ் திரும்ப வராது.

அப்போ யாருக்குத்தான் ஆபரேஷன் சீக்கிரம் வேணும்?

கிழிஞ்ச துண்டு புரண்டு நடுவுல மாட்டிக்கிட்டு முட்டி நிஜமாவே லாக் ஆனவங்க, எலும்பு நகர்ந்து உடைஞ்சவங்க, முட்டிச் சிப்பியோட தசைநார் அறுந்து காலைத் தூக்கவே முடியாதவங்க, சீழ் பிடிச்சவங்க. இன்னொண்ணு மெனிஸ்கஸ் வேர்லயே பிடுங்கிக்கிறது, குத்த வைச்சு எழும்போது முட்டிக்குப் பின்னாடி பட்டுனு சத்தம் வந்து வலி ஆரம்பிக்கும். தேய்மானம் லேசா இருந்தா அதைத் தைக்கலாமான்னு சர்ஜன் யோசிப்பார், ரொம்ப தேய்ஞ்ச முட்டில தைச்சுப் பெரிசா பலன் இருக்காது. இந்த ஒரு விஷயத்துக்கு சீக்கிரம் எலும்பு சர்ஜனைப் பார்க்கிறது நல்லது.

தேய்ஞ்ச முட்டில எக்ஸர்சைஸ் பண்ணா இன்னும் தேயாதா? பண்ணும்போது வலிக்குதே?

அதிகமா கேக்கிற கேள்வி இதுதான். குருத்தெலும்புக்கு நேரா ரத்தக் குழாய் கிடையாது, அமுக்கி விட அமுக்கி விட மூட்டுத் திரவம் உள்ள போய் வர்றதுலதான் அதுக்குச் சத்து போகுது, அளவான அசைவு இல்லன்னா அது இன்னும் சோர்ந்துதான் போகும். வலிக்கு ஒரு கணக்கு வச்சுக்கோங்க. பண்ணும்போது பத்துக்கு அஞ்சு வரைக்கும் வலி பரவாயில்ல, ஆனா மறுநாள் காலையில வழக்கமான அளவுக்கு இறங்கியிருக்கணும், வீக்கம் கூடியிருக்கக் கூடாது. கூடியிருந்தா நிறுத்தாதீங்க, எண்ணிக்கையைக் குறைங்க.

முதல் வாரத்துக்கு மேலே சொன்ன தொடை இறுக்கறது, குதிகால் தேய்க்கறது. அப்புறம் காலை நேரா தூக்கறது, சைக்கிள் மிதிக்கறது, நாற்காலியில இருந்து கை ஊனாம எழுந்து உட்காருறது, கடைசியா படி ஏறறது. இடுப்புப் பக்க தசையையும் விட்டுடாதீங்க, அது பலவீனமா இருந்தா நடக்கும்போது முட்டி உள்பக்கம் சாயும். பலன் தெரிய ஆறுல இருந்து 12 வாரம் ஆகும், பத்து நாள்ல விட்டுட்டு "எக்ஸர்சைஸ் எனக்கு ஒத்துக்கலை"ன்னு வர்றவங்கதான் அதிகம். உடம்பு எடை கூட இருந்தா, ஒரு கிலோ குறைச்சா நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் முட்டி மேல கிட்டத்தட்ட நாலு கிலோ பாரம் குறையுதுன்னு அளந்து பார்த்திருக்காங்க.

வலி மாத்திரை போட்டுக்கிட்டு டூட்டி பார்த்தா என்ன?

மாத்திரை எதுக்குன்னா வலி குறைஞ்சு எக்ஸர்சைஸ் பண்ண முடியணும், ராத்திரி தூங்க முடியணும். வலியை மறைச்சுக்கிட்டு அதே மூட்டையைத் தூக்கினா அடி பட்ட இடத்துல மறுபடி அடிதான். முதல்ல டைக்ளோஃபெனாக் ஜெல் தடவிப் பாருங்க, முட்டிக்கு அது நல்லாவே வேலை செய்யும், வயித்துக்கும் கிட்னிக்கும் பாதிப்பு கம்மி. வாய் வழியா போடற ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைகளை அல்சர், கிட்னி பிரச்சினை, இதய நோய், பிரஷர் இருக்கிறவங்களும், ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடறவங்களும் டாக்டரைக் கேக்காம தொடவே கூடாது. பாராசிட்டமால் தேய்மான வலிக்குப் பெரிசா கேக்காது.

முட்டில ஊசி போட்டா ஆயுசுக்கும் நல்லதுங்கறாங்களே?

ஸ்டீராய்டு ஊசி வீங்கி எரியற முட்டியைச் சில வாரம் அடக்கும், அந்த இடைவெளியில எக்ஸர்சைஸைப் பிடிச்சுக்கிட்டா பலன். திரும்பத் திரும்பப் போடறதுதான் பிரச்சினை, 2017ல வந்த ஒரு ஆய்வுல ரெண்டு வருஷத்துக்கு, மூணு மாசத்துக்கு ஒரு ஊசின்னு போட்டவங்களுக்கு, வெறும் உப்புத் தண்ணி போட்டவங்களை விட குருத்தெலும்பு அதிகமா குறைஞ்சிருந்தது, வலியில வித்தியாசம் இல்ல. சுகர் இருந்தா ஊசி போட்ட சில நாள் சுகர் ஏறும், அளந்து பாருங்க. புதுசா அடி பட்ட முட்டில எலும்பு உடையலை, சீழ் இல்லன்னு உறுதி ஆகாம ஸ்டீராய்டு போடக் கூடாது.

பிஆர்பின்னு நம்ம ரத்தத்தையே எடுத்து, பிரிச்சு முட்டில போடறாங்க. 2021ல வந்த ஆய்வுல லேசான, நடுத்தரத் தேய்மானம் இருக்கிறவங்களுக்கு ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தப்போ உப்புத் தண்ணி ஊசியை விட வலியும் கூடுதலா குறையலை, குருத்தெலும்பு இழப்பும் குறையலை. கையில இருக்கிற காசை அதுல போடறதுக்கு முன்னாடி நல்லா யோசிங்க.

முட்டில நீர் எடுத்தா திரும்பத் திரும்ப கோர்க்குமாமே?

நீர் எடுக்கிறதால கோர்க்கறதில்ல, உள்ள இருக்கிற காரணம் தீராததால கோர்க்குது. எடுத்த நீர் ரத்தமா, சீழா, கவுட் படிகமான்னு பார்த்தா காரணமே தெரியும். ரொம்ப இறுக்கமா வீங்கியிருந்தா எடுத்தவுடனே தொடை தசையும் நல்லா வேலை செய்யும்.

எனக்கு ருமட்டாய்டு இருக்கு, மாத்திரை சாப்பிடறேன். அடி பட்டா அதை நிறுத்தணுமா?

நீங்களா நிறுத்தாதீங்க, நிறுத்தினா எல்லா மூட்டும் சேர்ந்து வீங்க ஆரம்பிக்கலாம். ஆனா தோல் கிழிஞ்ச காயமோ, காய்ச்சலோ, ஆபரேஷன் பேச்சோ இருந்தா அன்னைக்கே உங்க ருமட்டாலஜி டாக்டர்கிட்ட சொல்லுங்க, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மருந்துல இருக்கும்போது சீழ் பிடிச்சாலும் காய்ச்சல் பெரிசா தெரியாமலே போகலாம். ஸ்டீராய்டு மாத்திரை பல வருஷம் சாப்பிட்டவங்களுக்கு எலும்பு சன்னமாயிருக்கும், சின்ன அடிக்கும் எக்ஸ்ரே எடுத்துடுங்க. கவுட் இருக்கிறவங்களுக்கு அடி பட்ட மூட்டுலயே கவுட் கிளம்பும், மேலே சொன்ன நீர் டெஸ்ட் அங்கதான் ரொம்ப உதவும்.

நீ கேப் (முட்டிக்கு மாட்டற உறை) போட்டா போதுமா? குச்சி எந்தக் கையில பிடிக்கணும்?

நீ கேப் சூடும் தைரியமும் கொடுக்கும், அதுக்கு மேல ஒண்ணும் இல்ல, ராத்திரி கழட்டிடுங்க. ஒரு பக்கம் மட்டும் தேய்ஞ்சு கால் வளைஞ்சவங்களுக்குப் பாரத்தை மறுபக்கம் தள்ளற பிரேஸ் இருக்கு, அளவு பார்த்துதான் வாங்கணும். குச்சி வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில.

எப்போ வேலைக்குப் போகலாம்? முழுசா சரியான அப்புறம்தானே?

முழு வலி போற வரைக்கும் காத்திருந்தா தேய்மானம் இருக்கிறவங்க வேலைக்கே போக முடியாது, ஏன்னா அடி படறதுக்கு முன்னாடியும் வலி பூஜ்யம் இல்லையே. அந்தப் பேப்பரை எடுத்துப் பாருங்க, அதுல எழுதினதுக்குப் பக்கத்துல வந்தாச்சுன்னா பழைய வேலைக்குத் தயார். உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு அதுக்கு முன்னாடியே போகலாம், போனா மனசுக்கும் நல்லது.

லைட் டூட்டின்னு மட்டும் சர்டிபிகேட்ல எழுதினா சூப்பர்வைசருக்கு ஒண்ணும் புரியாது, அவர் அவர் இஷ்டத்துக்கு ஏதோ வேலை கொடுப்பார். டாக்டர்கிட்ட விவரமா எழுதித் தரச் சொல்லுங்க: முட்டி போடக் கூடாது, குத்த வைக்கக் கூடாது, ஏணி ஏறக் கூடாது, இத்தனை கிலோவுக்கு மேல தூக்கக் கூடாது, மணிக்கு ஒரு தடவை உட்கார இடம், எத்தனை வாரத்துக்கு, மறுபடி எப்போ பார்க்கணும். டைல்ஸ் ஒட்டறது, பைப் வேலை, தரை வேலை பார்க்கிறவங்க முட்டி போட்டே ஆகணும்னா தடிமனான பேட் கட்டிக்கோங்க, தரை உயரத்துல பண்ற வேலையில எதை மேஜை உயரத்துக்குக் கொண்டு வரலாம்னு பாருங்க. முட்டி போடறது, குத்த வைக்கறது, கனம் தூக்கறது மூணும் வருஷக்கணக்குல சேர்ந்தா தேய்மானத்தையே கூட்டும்.

"உனக்கு ஏற்கனவே ஆர்த்ரைடிஸ் இருந்துச்சு, இது வேலையில வந்தது இல்ல"ன்னு கம்பெனியில சொல்றாங்க, என்ன பண்றது?

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அதனால உங்க ஊர் விதி தெரிஞ்ச வக்கீலையோ யூனியனையோ கேளுங்க. ஆனா நிறைய நாடுகள்ல, முன்னாடியே இருந்த நோயை வேலையில பட்ட அடி மோசமாக்கினா அந்த மோசமான பங்கு வேலைக் காயமாத்தான் எடுத்துக்கப்படுது. அப்போ கேள்வி தேய்மானம் இருந்துச்சா இல்லையாங்கிறது கிடையாது, அடிக்கு முன்னாடி எப்படி இருந்தீங்க, அப்புறம் எப்படி இருக்கீங்கங்கிறதுதான்.

அன்னைக்கே எழுத்துல சொல்லுங்க, வாயால சொன்னது நிக்காது. தேதி, நேரம், என்ன பண்ணிட்டு இருந்தீங்க, யார் பார்த்தாங்க, முட்டி எப்போ வீங்கிச்சு. முதல்ல பார்க்கிற டாக்டர் சீட்டுல "வேலையில இப்படி விழுந்தார்"ன்னு எழுதியிருக்கான்னு படிச்சுப் பாருங்க, "முட்டி வலி"ன்னு மட்டும் இருந்தா அங்கயே திருத்தச் சொல்லுங்க. பழைய எக்ஸ்ரே இருந்தா தூக்கிப் போடாதீங்க.

பழைய வலியைச் சொன்னா நஷ்டஈடு கிளெய்ம் போயிடும், டாக்டர்கிட்ட மறைச்சுடலாமா?

மறைக்காதீங்க. தேய்மானத்துல மூட்டு ஓரத்துல வளர்ந்து எக்ஸ்ரேல தெரியற எலும்பு முள்ளு ஒரு வாரத்துல வளராது, பார்த்தவுடனே பழசுன்னு தெரிஞ்சுடும், அப்புறம் நீங்க சொல்ற உண்மையைக் கூட நம்ப மாட்டாங்க. சிகிச்சையும் தப்பாகும். "தேய்மானம் இருந்துச்சு, அதோட எட்டு மணி நேரம் நின்னு வேலை பார்த்தேன், விழுந்த பிறகு இருபது நிமிஷம் நிக்க முடியலை"ன்னு நேரா சொல்றவங்க பேச்சுதான் எடுபடும்.

மூணு மாசம் ஆச்சு, பிசியோவும் பண்ணேன், இன்னும் பழைய நிலைக்கு வரலை. மூட்டு மாத்திட்டா வேலைக்குப் போயிடலாமா?

முதல்ல எதையாவது விட்டிருக்கோமான்னு பார்க்கணும். மேலே சொன்ன எலும்பு விரிசல், மெனிஸ்கஸ் வேர், இடுப்பு மூட்டுல இருந்தோ முதுகு நரம்புல இருந்தோ முட்டிக்கு வர்ற வலி, தூக்கம் இல்லாதது, வேலை போயிடுமோங்கிற பயம், எல்லாமே முட்டியைப் பிடிச்சு வைக்கும். எதுவும் இல்லாம, தேய்மானமும் முத்தி, ராத்திரி தூக்கம் கெட்டு, நடக்கறதே கஷ்டம்னா மூட்டு மாற்று ஆபரேஷன் நியாயமான வழி. முழு மூட்டு மாத்தினதுல சுமார் 82 சதவீதம் 25 வருஷம் நிக்குதுன்னு 2019ல ஆபரேஷன் பதிவேடுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்காங்க.

ஆனா வயசு கம்மியா இருந்தா மறு ஆபரேஷன் வாய்ப்பு கூடும். உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு ஆறு வாரம் போல, கனமான வேலைக்கு மூணு மாசமோ அதுக்கு மேலயோ ஆகும், முட்டி போடறது நிறைய பேருக்கு அப்புறமும் கஷ்டமாத்தான் இருக்கும். உங்க வேலையில அது தினமும் உண்டுன்னா சர்ஜன்கிட்ட முதல் தடவையே சொல்லுங்க, வேலையை மாத்திக்க முடியுமான்னு ஆபரேஷனுக்கு முன்னாடியே கம்பெனியில பேசிடுங்க. கடைசி மூணு மாசத்துக்குள்ள முட்டில ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தா அதையும் சொல்லணும், உடனே மூட்டு மாத்தினா சீழ் பிடிக்கிற வாய்ப்பு கூடும்ங்கிறதால தள்ளிப் போடுவாங்க.